மொட்டைக் கடுதாசிக்குப் பதில்

குலசேகரம் ரப்பர் பால் சேகரிப்பு நிலையத்தில்
சங்கச் செயலாளர் தன் அக்கா மகளை
வேலைக்கு வைத்துக்கொண்டாள் என்று
பேர் போடாமல் எழுதியவருக்கு.

உண்மைதான். வைத்தேன்.
மறைத்தாலும் மறையாது,
ஜெனிஷாவின் மூக்கு
அப்படியே எங்க அப்பனுக்க மூக்கு.

காரணம் கேளுங்கள்.
போன தடவை விளம்பரம் கொடுத்து
மூன்று பேர் குழு உட்கார்ந்து மார்க் போட்டு
முறையாக எடுத்த ஆள் ஒருவன் இருந்தான்.
சட்டையில் மடிப்பு கலையாது.
ஓணத்துக்கு ஊருக்குப் போனவன்
கல்லாவில் இருந்ததையும் கூடவே கூட்டிப்போனான்.
அவன் தந்த விலாசத்தில்
ஒரு சலூன் இருக்கிறது.
முடி வெட்டுகிறவர் நல்ல மனுஷன்,
எனக்குச் சாயா வாங்கித் தந்தார்.

ஜெனிஷா ஓடினால் எங்கே ஓடுவாள்?
அவள் வீட்டுச் சாவி
எந்தப் பூச்சட்டிக்கு அடியில் என்று எனக்குத் தெரியும்.
பத்து ரூபாய் குறைந்தால் போலீஸ் வேண்டாம்,
அக்காவுக்கு ஒரு போன் போதும்.
கிறிஸ்மசுக்கு ஒரே பந்தியில் இருக்க வேண்டியவள்
தண்ணீர் கலந்த பாலுக்கு
முப்பத்தெட்டு எழுதிவிட்டு
எந்தக் கண்ணால் என்னைப் பார்ப்பாள்?

தகுதி என்கிறீர்கள்.
சர்டிபிகேட்டு என்ன படித்தார் என்று சொல்லும்,
யாருக்குப் பயப்படுவார் என்று சொல்லுமா?
குளச்சலில் போய்க் கேளுங்கள்,
மச்சினன் இல்லாத வள்ளம் எத்தனை என்று.
ஆள் தண்ணியில் விழுந்தால்
கூடப் பிறந்தவன்தான் யோசிக்காமல் குதிப்பான்,
நீந்தத் தெரியாவிட்டாலும்.
(அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது.
அதை இப்போது விடுவோம்.)

பேர் போடவில்லை நீங்கள்.
ஆனால் 'ற'வுக்கு இத்தனை நீளமாய் வால் இழுக்கும் கை
எங்கள் வீட்டு மொய் நோட்டு முழுக்கக் கிடக்கிறது.
கொழுந்தனாரே,
உங்கள் மகள் ஷைனிக்கு இதே வேலையைக் கேட்டு
ஒரு தடவை வருக்கைச் சக்கையோடு வந்தீர்கள்,
மறு தடவை வெறுங்கையோடு.
'சொந்தக்காரருக்கு வேலையா, அடுக்குமா?'
என்று எழுதியிருக்கிறீர்கள்.
எந்தச் சொந்தம் என்பதுதானே உங்கள் வருத்தம்.

கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.
பெமினா.
பால் வெட்டுகிற ரசலையனின் மகள்.
வேதியியலில் தொண்ணூற்றொன்று.
அவள் மனு இன்னும் என் மேசைக்குள்
ஆசிட் ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது.
பாட்டத்துக்கு எடுத்த தோட்டத்துப் பாலை
தினமும் எட்டரைக்கு
இரண்டு கேனில் கொண்டு வருகிறாள்.
என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள்.

நேற்று நல்ல மழை. வாசலில் வரிசை.
ஜெனிஷா மெட்ரோலாக்கை இறக்கின வேகத்தில்
முப்பத்தாறு என்று எழுதப் போனாள்.
திருட்டு இல்லை. அவசரம்.
பெமினா குனிந்து
நுரையை விரலால் ஒதுக்கி
மறுபடி பார்த்தாள்.
"முப்பத்திமூணுதான் அக்கா,
சிரட்டையில மழவெள்ளம் விழுந்திருக்கு."

மூன்று புள்ளி.
அவளுடைய பாலில். அவளுடைய காசில்.
அவள் எனக்கு யாருமில்லை.
எந்தப் பந்தியிலும்
என் பக்கத்தில் அவளுக்கு இலை இல்லை.
அவளுக்காக நான் போன் செய்ய
ஒரு நம்பரும் என்னிடம் இல்லை.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
ராத்திரி முழுக்க உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தேன்.
பல்லி ஒன்று இரண்டு தடவை சொன்னது.
என் கட்சியை நான் விடவில்லை,
சொந்தத்துக்குத்தான் வேலை.
அதில் மாற்றமில்லை.

விடியக்காலம் ஒரு வழி தோன்றியது.
என் மூத்தவன் அஜின்,
தக்கலையில் பாங்கு வேலை,
வருகிற சித்திரையில் முப்பது ஆகிறது.
அவள் சம்மதிப்பாளோ என்னவோ.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும்
ரசலையன் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

கொழுந்தனாரே, நீங்களும் வெள்ளைச் சட்டை போட்டு வாங்க.
பெண் கேட்கப் போகிற இடத்தில்
சொந்தக்காரர் நாலு பேர் வேண்டும்.